எங்கள் பக்கம் நன்றாகத் தெரிகிறது

நகராட்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் வேலை பார்க்கும் அந்தப் பெண்மணிக்கு டார்ச் என்று பெயர் வரக் காரணம், நடுக்கடலில் எரிந்துகொண்டிருந்த தெருவிளக்குகள்.

நகராட்சி தன் ஊரை மேப்பாக்கி இணையத்தில் போட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் போனிலோ கணினியிலோ திறந்து பார்க்கலாம். அடியில் தெருக்களும் வீடுகளும் மட்டும் கொண்ட வெறும் மேப். அதன்மேல் கண்ணாடித் தாள்களை அடுக்கியதுபோல லேயர்கள். தெருவிளக்குக்கு ஒரு லேயர், குடிநீர்க் குழாய்க்கு ஒன்று, பேருந்து நிறுத்தத்துக்கு ஒன்று. ஒருநாள் காலையில் தெருவிளக்கு லேயரைக் காணோம். அலுவலகமே கூடி நின்று தேடியது. ஆளுக்கொரு தெருவாக, இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று போய்ப் பார்த்தார்கள். இவள் வந்து உட்கார்ந்து எதிர்ப்பக்கமாகப் போனாள். மேப்பைச் சுருக்கினாள். ஊர் சுருங்கியது, நாடு சுருங்கியது, உலகமே உள்ளங்கை அளவுக்கு வந்தது. நடுக்கடலில் ஒரு மஞ்சள் புள்ளி. தொட்டுப் பெரிதாக்கினால் ஊர்த் தெருவிளக்கு அத்தனையும் அங்கே வரிசை கலையாமல் நின்றுகொண்டிருக்கின்றன. விவரத்தை ஏற்றியவர் இடத்தைச் சொல்லும் இரண்டு எண்களில், குறுக்கே போக வேண்டிய எண்ணை நெடுக்கேயும், நெடுக்கே போக வேண்டியதைக் குறுக்கேயும் போட்டிருந்தார்.

“மீனுங்களுக்கு வெளிச்சம் காட்டினது போதும், கரைக்குக் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்று ஒட்டிய பெயர். பெற்றோர் வைத்த பெயரை அலுவலகம் மறந்தே போனது. சம்பளப் பட்டியலில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருப்பதாகக் கேள்வி.

டார்ச்சுக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. லேயர் எங்கேயும் ஓடிப்போகாது, இருக்கிற இடத்திலேயே ஒளிந்திருக்கும். பேருந்து நிறுத்தம் தெரியவில்லை என்பார்கள். மேப்பைப் பெரிதாக்கினால் மட்டும் தெரியும்படி யாரோ வைத்திருப்பார்கள். பொதுக் கழிப்பறைகள் மறைந்துவிட்டன என்று ஒரு கவுன்சிலர் மேசையைத் தட்டினார். பூங்கா லேயரை எடுத்துக் கழிப்பறை லேயருக்கு மேலே போட்டிருந்தார்கள், அத்தனையும் பச்சைப் புல்லுக்குக் கீழே பத்திரமாக இருந்தன. குப்பைத் தொட்டி லேயர் ஒருமுறை கண்ணெதிரே இருந்தும் தெரியவில்லை. அதன் நிறத்தை யாரோ தேய்த்துத் தேய்த்துக் காற்றைவிட மெல்லியதாக்கியிருந்தார்கள்.

யார் போன் செய்து புகார் சொன்னாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: “யாருக்குமே தெரியலையா, உங்களுக்கு மட்டும் தெரியலையா?” கேட்டுக்கொண்டே தன் கணினியில் மேப்பைத் திறப்பாள். தெரியவில்லை என்றால் கோளாறு நம்முடையது, தேடத் தொடங்கிவிடுவாள். தெரிந்தால் கோளாறு அவர்களுடையது. அதற்கென்று ஒரு வாக்கியம் வைத்திருந்தாள்.

“எங்க பக்கம் நல்லாத் தெரியுது. போன்ல சேர்ந்திருக்கிற பழசை எல்லாம் அழிச்சிட்டு, அணைச்சுப் போட்டுப் பாருங்க.”

மறுமுனையில் இருப்பவர் தன் போனையும், தன் கண்ணையும், தான் பிறந்த நேரத்தையும் நொந்துகொண்டு வைத்துவிடுவார். உலகத்தில் எத்தனையோ அலுவலகங்கள் இந்த ஒரே வாக்கியத்தில் குடும்பம் நடத்துகின்றன. டார்ச்சை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

அவளுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவள் சாவி. இதுவும் ஒட்டிய பெயர்தான். எந்த லேயரை யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்தியின் கணினியில் இருந்தது. அலுவலகத்துக்குள் மட்டும் என்று ஒரு கட்டம், எல்லோருக்கும் என்று இன்னொரு கட்டம். டார்ச் லேயரைச் செய்வாள், சாவி டிக் அடிப்பாள், ஊர் பார்க்கும். இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே வண்டியில் வருவார்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். ஒருத்திக்குத் தும்மல் வந்தால் இன்னொருத்தி கைக்குட்டை எடுப்பாள் என்று அலுவலகத்தில் கேலி உண்டு.

டார்ச்சுக்கு ஒரு குறை. கடலில் விழுந்த விளக்கைக் கண்டுபிடிப்பாள், தன் கடவுச்சொல் மட்டும் நினைவில் நிற்காது. காலையில் வந்ததும் “சாவி, என்னோடது என்னடி?” என்பது தினப்படி வழக்கமாகிப் போனது. சாவி பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் எழுந்து வந்து, டார்ச்சின் கணினியிலும் போனிலும் ‘எப்போதும் உள்ளேயே இருக்க’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போனாள்.

“இனிமே நீ வெளிய போகவே வேண்டாம். செத்தாலும் உள்ளதான்” என்றாளாம். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து டார்ச் லாக் அவுட் செய்ததே இல்லை. அவள் மட்டுமல்ல, அந்த அலுவலகத்தில் யாருமே செய்ததில்லை. ஊருக்காக மேப் செய்கிறவர்கள் அத்தனை பேரும் அதை வீட்டுக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று பார்த்தால் எப்படித் தெரியும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றவும் தோன்றாது, வாசலில் நிற்கிறவனுக்குத்தானே அந்தக் கவலை.

சாவி வீடு கட்ட இடம் தேடியபோது, டார்ச்தான் தன் அண்ணன் குடியிருக்கும் தெருவிலேயே எதிர்வரிசையில் ஒரு மனை இருப்பதைச் சொன்னாள். அண்ணன் அந்தத் தெருவில் வீட்டின் முன்னறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். சாவியின் வீட்டுப் பிளானுக்கு அத்தனை நகலும் அந்தக் கடையில்தான் எடுத்தது. குடிவந்த அன்று உட்கார இடமில்லை என்று அண்ணி தன் வீட்டு நாற்காலிகளைத் தெருவைக் கடந்து தூக்கிக்கொண்டு போய்ப் போட்டாள். அவற்றில் இரண்டு அங்கேயே தங்கிவிட்டன. அண்ணி அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நாலு பேர் கூடும் இடத்தில் மட்டும், “எங்க வீட்டு நாற்காலி ரெண்டு வெளியூர் போயிருக்கு” என்பாள். சாவியும் சேர்ந்து சிரிப்பாள்.

இப்படி இருக்கையில் அந்தத் தெருவை அகலமாக்குவதென்று முடிவானது.

பொறியாளர்கள் ஒரு சிவப்புக் கோடு போட்டார்கள். கோடு அண்ணன் இருக்கும் இடது வரிசையை ஒட்டிப் போயிற்று. அப்படியே நிறைவேறினால் அண்ணனின் ஜெராக்ஸ் கடை முழுசாகச் சாலைக்குள் போய்விடும். எதிரே சாவி வரிசையில் ஒரு செங்கல் அசையாது. ஆனால் இது வரைவுதான். மக்கள் ஆட்சேபம் சொல்லலாம். இடது வரிசையிலிருந்து ஆட்சேபங்கள் வந்தால் கோட்டை நடுவுக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் பாதிப்பாதி எடுப்பதாகத் திட்டம். துணை இயக்குநர் இதைக் கூட்டத்தில் படம் படமாக ஓட்டிக் காட்டினார். வாயைத் திறந்தால் படம் ஓட்டுவார் என்பதால் அவர் பெயர் ஸ்லைடு.

காகிதமெல்லாம் கிடையாது என்பதில் ஸ்லைடுக்குத் தனிப் பெருமை. போனில் மேப்பைத் திறக்க வேண்டும், சிவப்புக் கோட்டைத் தொட வேண்டும். தொட்டால் ஒரு கட்டம் திறக்கும், அதில் ஆட்சேபத்தை எழுத வேண்டும். மாதக் கடைசிக்குள் கோட்டைத் தொடாதவருக்கு ஆட்சேபம் இல்லை என்று பொருள். பாமரனும் ஒரு விரலால் அரசை நிறுத்தலாம் என்றார். கைதட்டினார்கள்.

கோட்டு லேயரைச் செய்தது டார்ச். செய்து முடித்ததும் எதிர் மேசையைப் பார்த்து, “பொதுவுக்குத் திறந்துட்டியாடி?” என்று கேட்டாள்.

“எல்லாம் திறந்தாச்சு” என்றாள் சாவி.

டார்ச் தன் கணினியில் பார்த்தாள். கோடு சிவப்பாக, அழகாக, அண்ணனின் கடையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிடந்தது. வேலை சுத்தமாக இருந்தது. அன்று மாலையே அண்ணனுக்குப் போன் செய்து கோட்டைத் தொட்டு எழுதச் சொன்னாள்.

அதன்பிறகு போன்கள் வரத் தொடங்கின. இடது வரிசையிலிருந்து ஒரு தையல்காரர், ஒரு மருந்துக் கடைக்காரர், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர். கோடு தெரியவில்லை என்றார்கள். டார்ச் மேப்பைத் திறந்தாள்; தெரிந்தது. போனை அணைத்துப் போடச் சொன்னாள். ஓவிய ஆசிரியர் மறுபடியும் அழைத்தார். அணைத்துப் போட்டேன், இல்லையேம்மா என்றார். டார்ச் கொஞ்சம் யோசித்தாள். எதிரே பார்த்தாள். சாவி தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பழைய போனா இருக்கும். எல்லாத்தையும் அழிக்கச் சொல்லு” என்றாள். டார்ச் அப்படியே சொன்னாள்.

அண்ணனும் அழைத்தார்.

“கோடு கோடுன்னு பயமுறுத்தினியே, ஒண்ணையும் காணோமே.”

“இருக்குண்ணே. எங்க பக்கம் நல்லாத் தெரியுது.”

“உங்க பக்கம் தெரிஞ்சா எனக்கு என்ன? என் கடைதானே போகுது.”

“நாள் பூரா மெஷினோட இருக்க, ஒரு போனைப் பார்க்கத் தெரியலையா? அண்ணிகிட்ட குடு, அவங்க பார்ப்பாங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அண்ணன் சிரிக்கவில்லை. அண்ணி வாங்கிப் பார்த்தாள், அவளுக்கும் தெரியவில்லை. சரி, கோடே போடவில்லை போல, தங்கைக்காரி அலுவலகத்தில் எதையோ அரைகுறையாகக் கேட்டுவிட்டு நம்மை அலைக்கழிக்கிறாள் என்று அண்ணன் முடிவுக்கு வந்தார். தையல்காரருக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் அதையே ஆறுதலாகச் சொன்னார். கோடு இருந்தால் தெரியாமலா போகும்.

கெடுவின் கடைசி நாள் காலை டார்ச் பதறிக்கொண்டு அண்ணன் கடைக்குப் போனாள். உள்ளேயிருந்து பார்த்ததில் ஆட்சேபம் என்று ஒன்றுகூட வந்திருக்கவில்லை. ஒரு தெருவே சோம்பேறியாக இருக்க முடியாதே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கடையில் யாருக்கோ அடையாள அட்டை நகல் எடுத்துக்கொண்டிருந்தார் அண்ணன். தலையை நிமிர்த்தவில்லை. டார்ச் மேசையிலிருந்த அவர் போனை எடுத்து மேப்பைத் திறந்தாள். தெரு இருந்தது, கடை இருந்தது, எதிரே சாவி வீடு இருந்தது. கோடு இல்லை. பெரிதாக்கினாள், சுருக்கினாள், கடலுக்குக்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தன் போனை எடுத்தாள். கோடு இருந்தது. இரண்டு போன்களையும் ஜெராக்ஸ் மெஷினின் மூடிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே தெரு, ஒரே கடை. ஒன்றில் சிவப்புக் கோடு, இன்னொன்றில் வெறும் தெரு.

அண்ணி உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். “இதென்ன கூத்து? உனக்கு ஒரு ஊரு, எங்களுக்கு ஒரு ஊரா?”

டார்ச் தன் போனில் மூலையிலிருந்த தன் பெயரைத் தொட்டாள். லாக் அவுட் என்பதை அமுக்கினாள். திரை ஒரு தரம் வெளுத்துத் திரும்பி வந்தது. கோடு போயிருந்தது.

முதல் தடவையாக அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

அண்ணனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் பார்த்தது வேறு. தங்கை ஒரு விரலால் எதையோ அமுக்குகிறாள், கோடு மாயமாகிறது. “ஓ” என்றார்.  மெஷினின் மூடியைத் தூக்க வேண்டும், போன்களை எடு என்று சைகை காட்டினார்.

அலுவலகத்துக்கு வருகிற வழியெல்லாம் டார்ச் சாவிக்காகக் காரணம் தேடிக்கொண்டே வந்தாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். மறந்திருப்பாள். டிக் அடித்திருப்பாள், பதிவாகியிருக்காது. வேறு யாராவது தெரியாமல் எடுத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பூட்டுக்கு வேறு யாரிடமும் சாவி இல்லை. அன்று இருவரும் ஒரே வண்டியில் வரவில்லை. எனக்கு முன்னாடியே வேலை இருக்கு என்று சாவி தனியாகப் போயிருந்தாள். அதற்கும் ஒரு காரணம் தேடினாள். லேயரைத் தேடுவதில் தேர்ந்தவளுக்கு அந்தக் காரணம் மட்டும் அகப்படவில்லை.

சாவியின் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“திறந்துட்டியான்னு கேட்டேன். திறந்துட்டேன்னு சொன்ன.”

சாவி அவளைப் பார்க்கவில்லை. “சொன்னேன்.”

“ஏன்?”

“என் வாசப்படி எங்க முடியுதுன்னு உனக்குத் தெரியாதா? கோடு நடுவுல வந்தா படியும் போச்சு, சுவரும் போச்சு. நான் வீட்டுக்குள்ள போக ஏணிதான் வைக்கணும்.”

“எங்கண்ணன் கடை மொத்தமாப் போனா பரவாயில்லையா?”

“கோடு போட்டது நானா? எஞ்சினியர் போட்டாரு, நீ மேப்ல ஏத்தின. நான் எதையும் மறைக்கலடி. திறக்கல, அவ்வளவுதான்.”

இந்தப் பதிலை டார்ச் பிறகு பல நாள் மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். ஒரு சட்டப் புத்தகமே எழுதக்கூடிய பதில். அப்போது வாயில் வந்தது வேறு கேள்வி.

“நான் முன்னாடியே பார்த்துக் கண்டுபிடிச்சிருந்தா?”

“நீயா?” சாவி இப்போதுதான் திரும்பினாள். அவள் முகத்தில் கேலி இல்லை; அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. “நீ என்னைக்கு வெளிய வந்து பார்த்திருக்க? அந்த டிக்கை அடிச்சவளே நான்தானே.”

எதிரிக்கு இதெல்லாம் தெரியாது. எதிரி எங்கே நம்மோடு ஒரே டப்பாவில் சாப்பிடுகிறான்.

ஸ்லைடிடம் போய்ச் சொல்கிறேன் என்று டார்ச் எழுந்தாள். தாராளமாகப் போ என்றாள் சாவி. வந்த போனுக்கெல்லாம் பதில் சொன்ன குரல் யாருடையது, எங்கள் பக்கம் தெரிகிறது என்று ஊரையே திருப்பி அனுப்பியது யார், யாருடைய அண்ணன் தெரு அது, இதையெல்லாம் அவர் கேட்பார் அல்லவா, யோசித்துக்கொண்டு போ என்றாள். டார்ச் நின்ற இடத்திலேயே நின்றாள். மாட்டியிருப்பது சாவி மட்டுமல்ல என்பது புரிய நேரமாகவில்லை.

அப்போது டார்ச் மேசையில் போன் அடித்தது. எடுத்தாள். ஓவிய ஆசிரியர். மனிதர் மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசினார். டார்ச் ஒயரை இழுத்து, ரிசீவரைச் சாவியின் காதருகே நீட்டினாள்.

“நீயே சொல்லு. எல்லாத்தையும் அழிக்கச் சொல்லு.”

சாவி வாங்கிக்கொண்டாள். ரிசீவரில் வந்தது பக்கத்து மேசைவரைக்கும் கேட்டது.

“நீங்க சொன்னபடி போன்ல இருந்ததை எல்லாம் அழிச்சிட்டேம்மா. பேரன் படமெல்லாம்கூடப் போச்சு, பரவாயில்ல. ஆனா கோடு இன்னும் வரல. வேற எதை அழிக்கணும்?”

சாவி ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தன் கணினிப் பக்கம் திரும்பினாள். எல்லோருக்கும் என்ற கட்டத்தின்மேல் அம்புக்குறி கொஞ்ச நேரம் நின்றது. டிக் விழுந்தது.

“இப்பப் பாருங்க ஐயா” என்றாள்.

“வந்துடுச்சும்மா” என்று சந்தோஷமாகச் சொன்னார் அவர். “நல்லா இருப்பீங்க.”

அந்த வாழ்த்தை இரண்டு பேரில் யார் வாங்கிக்கொண்டார்கள் என்பது தெரியவில்லை. மேசைமேல் கிடந்திருக்கும், பெருக்குகிறவர் எடுத்துப் போட்டிருப்பார்.

டார்ச் உடனே அண்ணனை அழைத்தாள். அலுவலகம் மூடுவதற்குள் அவர் தொட்டாக வேண்டும்.

“அண்ணே, இப்பப் பாரு.”

அண்ணன் திறந்து பார்த்தார். பிறகு, “வந்துடுச்சு” என்றார்.

“அதைத் தொடு. ஒரு கட்டம் வரும், அதுல...”

“அதெல்லாம் எனக்குத் தெரியும்மா. காலையில நீ அமுக்கின, போச்சு. இப்ப நீ சொல்ற, வருது.”

“அது நான் இல்லண்ணே.”

“யாருன்னு நான் கேக்கவே இல்லையே” என்றார் அண்ணன். வைத்துவிட்டார்.

ஆனால் தொட்டார். அவர் சொல்லித் தையல்காரர் தொட்டார், மருந்துக் கடைக்காரர் தொட்டார். இடது வரிசை முழுவதும் அந்த மாலைக்குள் விரலை வைத்தது. கோடு நடுவுக்கு வந்தது. அண்ணனின் கடையில் பாதி தப்பியது. மெஷின் நிற்கும், வாடிக்கையாளர் வெளியே நிற்பார். எதிரே சாவிக்குப் படியும் சுற்றுச்சுவரும் போகும் என்றானது. அடுத்த கூட்டத்தில் ஸ்லைடு ஒரு படம் ஓட்டினார். மாதம் முழுவதும் தரையோடு ஊர்ந்த ஒரு வளைவு கடைசி நாளில் கோபுரம்போல எழும்பியிருந்தது. மக்கள் நன்றாக யோசித்து, பொறுப்பாக, கடைசி நேரத்தில் முடிவெடுக்கிறார்கள் என்று அதற்கு விளக்கம் சொன்னார். மறுபடியும் கைதட்டினார்கள். டார்ச்சும் தட்டினாள், சாவியும் தட்டினாள். பழைய நாளென்றால் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிப்பை அடக்கியிருப்பார்கள்.

டார்ச் ஒருநாள் மனம் கேளாமல் அண்ணன் வீட்டுக்குப் போய் நடந்ததை முழுசாகச் சொன்னாள். சாவி, டிக், பூட்டு, லாக் அவுட் எல்லாம். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்கிற அண்ணனைப்போல ஆபத்து வேறில்லை.

“ரெண்டு பேரும் ஒரு டப்பாவுல சாப்பிடுறவங்க. அவ பண்ணினது உனக்குத் தெரியாதுன்னு யார்கிட்ட சொல்ற? எத்தனை தடவை கேட்டேன் உன்னை. போன் பார்க்கத் தெரியாதவன்னு சிரிச்ச. மத்தவங்க ஏமாத்தினா ஏமாந்துட்டோம்னு விட்டுடலாம். கூடப் பிறந்தவ சிரிச்சுக்கிட்டே சொன்னா நம்பிட்டுத்தானே உட்கார்ந்திருப்போம்?”

 அவர் சொன்னதில் தப்பு என்று பார்த்தால் ஆள் மட்டும்தான். சாவியைப் பற்றி அவள் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவர் அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அண்ணியின் இரண்டு நாற்காலிகளும் அண்ணன் வீட்டு வாசலில் கிடந்தன. துடைத்து, ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. யார் கொண்டுவந்து வைத்தது என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அண்ணி இடுப்பில் கைவைத்து அவற்றைப் பார்த்தாள், எதிர்வீட்டைப் பார்த்தாள். “இத்தனை நாள் கழிச்சு நாற்காலி எதுக்குத் தானா நடந்து வருது?” என்று கேட்டாள். அண்ணன், உன் பொருள் உனக்கு வந்ததே, எடுத்து உள்ளே போடு என்றார். அண்ணி அன்று மாலை டார்ச்சுக்குப் போன் செய்து சாப்பிட்டாயா என்று மட்டும் விசாரித்தாள். செய்தது எதிர்வீடுதான் என்று அண்ணிக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் அவளுக்குப் புரிவது கணக்கில் சேராது.

டார்ச் இப்போது தனி வண்டியில் வருகிறாள். டப்பாவும் தனி. ‘எப்போதும் உள்ளேயே இருக்க’ என்ற கட்டத்திலிருந்த டிக்கை எடுத்துவிட்டாள். காலையில் வந்ததும் உள்ளே போகாமல், யாரோ வழிப்போக்கர்போல மேப்பைத் திறந்து ஒவ்வொரு லேயராகப் பார்க்கிறாள். அதன்பிறகு கடவுச்சொல்லை அடிக்கிறாள். வியப்பு என்னவென்றால், அது இப்போதெல்லாம் மறப்பதில்லை. இத்தனை ஆண்டும் கேட்பதற்கு எதிரே ஆள் இருந்ததால்தான் மறந்திருக்கிறது போலும். எதிரே ஆள் இப்போதும் இருக்கிறாள். லேயர் முடிந்ததும் டார்ச் அவளுக்கு ஒரு வரி எழுதி அனுப்புகிறாள், அவள் டிக் அடித்துவிட்டு ஒரு வரி எழுதுகிறாள். இருவருக்கும் நடுவே கை நீட்டினால் தொடும் தூரம்.

திருத்திய கோடு மேப்பில் ஏறிய அன்று பிற்பகல் அண்ணனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. சண்டைக்குப் பிறகு அவராக எழுதிய முதல் செய்தி. தன் போன் திரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கடையின் நடுவே கோடு. கீழே எழுதியிருந்தார்: “இப்ப தெரியுது. நாளைக்கும் தெரியுமா?”

டார்ச்சின் விரல்கள் பழக்கத்தில் ஓடின. எங்க பக்கம் நல்லாத் தெரியுது என்று அடித்து முடித்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறோம் என்று பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். மூலையிலிருந்த தன் பெயரைத் தொட்டு வெளியே வந்தாள். மேப்பை மறுபடி திறந்து, அண்ணன் தெருவுக்குப் போய், கோடு வந்து சேரும்வரை காத்திருந்து பார்த்தாள்.

“தெரியுதுண்ணே” என்று எழுதினாள்.

படித்துவிட்டார் என்பதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.